பதிமூன்றாவது ஆள்

ஏற்காட்டில் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் முடிந்து, ஏரியில் படகுகள் சும்மா கட்டிக் கிடக்கிற நாட்களில், டீக்கடைகளில் பேசுவதற்கு நிறைய நேரம் கிடைக்கும். அப்படி ஒரு கடையின் பெஞ்சில் சாயங்கால வேளைகளில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கடைக்காரர். இன்னொருவர், சேலத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்ற பி.டி. சார். மூன்றாவது ஆளுக்கு முப்பது வயதுக்கு மேல் ஆகிறது. சேலத்தில் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு பார்க்கிறான். ஹாஸ்டல் நாட்களில் கூட்டாளிகள் வைத்த பட்டப்பெயர் 'பதிமூணு'. அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதுதான் இந்தக் கட்டுரை. ஆனால் அதற்கு அமெரிக்கா வழியாகச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. கொஞ்சம் பொறுமை வேண்டும்....

பதிமூணுக்கு ஒரு விசித்திரமான பழக்கம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் எந்தக் கல்லூரி எந்தக் கூட்டமைப்பிலிருந்து எந்தக் கூட்டமைப்புக்குத் தாவியது என்ற செய்திகளை விடாமல் படிப்பான். அங்கே கல்லூரிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற கூட்டமைப்புகளாகச் சேர்ந்து தங்களுக்குள் ஆடுகின்றன. கல்லூரி கூட்டமைப்பு மாறுவதை 'ரீஅலைன்மென்ட்' என்கிறார்கள். அதாவது கோட்டை அழித்து மறுபடி கோடு போடுவது. இதை ஆராய்வதற்கென்றே அங்கே ஒரு தனிக் கூட்டம் இருக்கிறது. யார் போவார், யார் வருவார், எந்த டிவிக்காரன் எவ்வளவு கொடுப்பான் என்று தேர்தல் நேரத்து அரசியல் விமர்சகர்கள் மாதிரி வருஷம் முழுக்கப் பேசுகிறார்கள். மேட்சைப் பற்றிப் பேசுவதைவிட இதைப் பற்றிப் பேசுவதுதான் அவர்களுக்கு ருசி.

பதிமூணு ஒரு நாள் பெஞ்சில் பசிபிக்-12 கதையைச் சொன்னான். 1915-ல் வேர் விட்ட கூட்டமைப்பு அது. மேற்குக் கடற்கரையின் பெரிய கல்லூரிகள் எல்லாம் அதில்தான் இருந்தன. 2022 ஜூன் 30 அன்று லாஸ் ஏஞ்சலஸின் இரண்டு பெரிய பல்கலைக்கழகங்கள், யு.எஸ்.சி.யும் யு.சி.எல்.ஏ.வும், 'பிக் டென்' கூட்டமைப்புக்குப் போவதாக அறிவித்தன. அந்த ஆகஸ்டில் பிக் டென் போட்ட டிவி ஒப்பந்தத்தின் மதிப்பு ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் என்று செய்திகள் வந்தன. 2023 கோடையில் கொலராடோ போனது. ஆரெகன், வாஷிங்டன் போயின. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா போயின. கடைசியில் ஸ்டான்ஃபோர்டும் பெர்க்லியும் போயின. பன்னிரண்டில் மிஞ்சியது இரண்டு. ஆரெகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட்.

"பசிபிக் கரையில இருக்கிற ஸ்டான்ஃபோர்டு எங்க சேந்துச்சு தெரியுங்களா? அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ்ல."

கடைக்காரர் வடிகட்டியை அப்படியே பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பிக் டென்னுல இப்ப பதினெட்டு காலேஜுங்க. பிக் 12-ல பதினாறு."

"கணக்கு வாத்தியார் யாருமே இல்லியா அந்த ஊர்ல?"

இத்தனைக்கும் காரணம் ஃபுட்பால். அந்த ஊர் ஃபுட்பால், கையால் தூக்கிக்கொண்டு ஓடுவது. டிவி பணம் அதில்தான் கொட்டுகிறது. ஆனால் கோட்டை மாற்றியபோது எல்லா ஆட்டங்களும் சேர்ந்து மாறிவிட்டன. லாஸ் ஏஞ்சலஸில் படிக்கும் வாலிபால் பெண் இப்போது கூட்டமைப்பு மேட்ச் ஆட நியூ ஜெர்சி வரை ஏறக்குறைய 4,000 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருக்கிறது. அவளை யாரும் கேட்கவில்லை.

பி.டி. சார் அதுவரை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "இதெல்லாம் நமக்கு எப்பவோ நடந்து முடிஞ்சுதுப்பா. நமக்கு விமர்சகர்தான் இல்ல."

உண்மைதான். அவர் வேலை பார்த்த கல்லூரியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997 வரை அது சென்னைப் பல்கலைக்கழகம். அந்த ஆண்டு சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வந்ததும் அதன் கீழ் போனது. 2001-ல் தமிழ்நாட்டின் பொறியியல் கல்லூரிகளை எல்லாம் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் கொண்டுவந்தபோது அங்கே போனது. 2007-ல் அண்ணா பல்கலைக்கழகத்தைப் பிரித்தார்கள். கோவை, திருச்சி, திருநெல்வேலி என்று தனித்தனிப் பல்கலைக்கழகங்கள். 2010-ல் மதுரையும் சேர்ந்தது. சேலம் மாவட்டம் கோவையின் பங்குக்குப் போனது. 2012-ல் எல்லாவற்றையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். பதினைந்து ஆண்டுகளில் ஐந்து பெயர்கள். கல்லூரியின் கேட் ஒரு அடிகூட நகரவில்லை. வாலிபால் கோர்ட் அதே செம்மண்ணில் அதே இடத்தில்தான் இருந்தது. ஜெர்சியின் முதுகில் இருந்த பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது.

பெயர் மாறினால் என்ன என்று தோன்றலாம். பந்து அதே பந்துதானே?

அங்கேதான் விஷயம் இருக்கிறது. இந்தியாவில் பல்கலைக்கழக விளையாட்டை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு, ஏ.ஐ.யு. 1925-ல் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான வாரியமாகத் தொடங்கிய அமைப்பு அது. நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று நான்கு மண்டலங்களாகப் பிரித்து ஆடவிடுகிறது. மண்டலத்தில் முன்னுக்கு வருகிற அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். இதில் ஒரு எளிய விதி. ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஓர் ஆட்டத்தில் ஓர் அணி. அதன் கீழ் ஒரே ஒரு கல்லூரி இருந்தாலும் சரி, ஐந்நூறு கல்லூரிகள் இருந்தாலும் சரி. வாலிபால் என்றால் பன்னிரண்டு பேர்.

அந்தப் பன்னிரண்டு பேருக்கும் ஒரு காகிதம் கிடைக்கும். விளையாட்டு வட்டாரத்தில் 'ஃபார்ம் த்ரீ' என்பார்கள். பல்கலைக்கழகத்துக்காக ஆடினான் என்பதற்கான சான்று. நாட்டுக்கு ஆடினால் ஃபார்ம் ஒன், மாநிலத்துக்கு ஆடினால் ஃபார்ம் டூ. மத்திய அரசு வேலைகளின் விளையாட்டு ஒதுக்கீட்டில் இந்தப் படிவங்களுக்கு மதிப்பு உண்டு. மலையில் காபித் தோட்டக் கூலிக்குப் போகிற ஒரு வீட்டுக்கு அந்தக் காகிதம் என்னவென்று விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே தமிழ்நாட்டில் கோடு மாறுகிற ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு மாறுகிறது. 1857-ல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு காலத்தில் ஏறக்குறைய எல்லாக் கல்லூரிக்கும் தாய்வீடு. 1966-ல் மதுரை பிரிந்தது. 1982-ல் கோவையில் பாரதியார், திருச்சியில் பாரதிதாசன். 1990-ல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார். 1997-ல் சேலம், 2002-ல் வேலூரில் திருவள்ளுவர். ஒவ்வொரு பிரிவினையிலும் புதிதாகப் பன்னிரண்டு ஜெர்சி முளைத்தது. இதை ஒரு விளையாட்டுச் சீர்திருத்தம் என்று யாரும் அறிவிக்கவில்லை. நிர்வாக வசதிக்காகப் பிரித்தார்கள். ஜெர்சி தானாக வந்தது.

கடைக்காரர் இதற்கு உயிருள்ள சாட்சி. எண்பதுகளில் சேலத்தில் ஒரு கலைக்கல்லூரியில் பி.ஏ. படித்தவர். நல்ல பிளாக்கர். சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வுக்கு ராத்திரி ரயிலில் தூங்காமல் போய் இறங்கியிருக்கிறார். சென்னைக் கல்லூரிப் பையன்கள் ஷூ போட்டுக்கொண்டு, பயிற்சியாளரோடு வந்திருந்தார்களாம். இரண்டாம் நாள் மத்தியானமே 'நீ கெளம்பலாம் தம்பி' என்று சொல்லிவிட்டார்கள். சேலத்துக்குத் திரும்பி, இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வீட்டுக்கு வந்தபோது அவருடைய அப்பா கேட்டது ஒரே கேள்வி. "பஸ் காசு குடுத்தாங்களா?"

பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் பெரியார் பல்கலைக்கழக அணியில் கண்ணை மூடிக்கொண்டு அவருக்கு இடம் கிடைத்திருக்கும் என்பது பி.டி. சாரின் கருத்து. கடைக்காரருக்கு அதில் ஆறுதலும் இல்லை, வருத்தமும் இல்லை. "அப்ப பொறந்திருந்தா அப்ப என்ன கோடு போட்டிருப்பாங்களோ" என்பார்.

சரி, பதிமூணு கதைக்கு வருவோம்.

சேர்வராயன் கோயிலுக்குப் போகிற பக்கத்தில் ஒரு மலைக் கிராமம் அவனுடையது. மலையில் சமதளம் கிடைப்பது குதிரைக்கொம்பு. கிரிக்கெட் ஆடினால் ஒரு ஃபோருக்குப் பந்து பள்ளத்தாக்குக்குப் போய்விடும். வாலிபாலுக்கு 18 மீட்டர் நீளமும் 9 மீட்டர் அகலமும் போதும். சரிவை வெட்டிச் சமன் செய்து, மிளகுக்கொடி ஏறிய இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே வலை கட்டி ஆடினார்கள். ஒரு பக்கம் காபிச் செடி, ஒரு பக்கம் சரிவு. பந்தைத் தரையில் விட்டால் போய் எடுத்து வரக் கால் மணி நேரம். அதனாலேயே அந்த ஊர்ப் பையன்கள் எதையும் தரையில் விடமாட்டார்கள். டைவ் அடித்தாவது எடுப்பார்கள்.

2010-ல் அவன் பி.டி. சாரின் கல்லூரியில் சேர்ந்தான். அப்போது அது கோவை அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தது. அடுத்த வருஷம், இரண்டாம் ஆண்டில், பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போனான். கோவை என்றால் சேலத்திலிருந்து 160 கி.மீ. சொச்சம். காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம். நன்றாகவே ஆடினான். தேர்வுக் குழுவில் பி.டி. சாரும் ஒருவர்.

கடைசியில் பதினொரு பெயர்கள் முடிவாகிவிட்டன. ஓர் இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் இவன். இன்னொருவன் வேறொரு கல்லூரியின் இறுதியாண்டு மாணவன். ஆட்டத்தில் இருவருக்கும் பெரிய வித்தியாசமில்லை. பி.டி. சார் தன் மாணவனுக்கு எதிராகக் கை தூக்கினார். இறுதியாண்டுப் பையனுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. இவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. நியாயமான முடிவு என்று யாருக்கும் தோன்றும்.

வெளியே வந்து அவன் தோளில் கை போட்டு, "உனக்கென்ன கண்ணு, அடுத்த வருசம் முதல் பேரே உன்னுதுதான்" என்றார்.

2012-ல் பல்கலைக்கழகங்கள் ஒன்றாகின.

கோவை, திருச்சி, திருநெல்வேலி, மதுரை, சென்னை என்று குறைந்தது ஐந்து அணிகள், அதாவது அறுபது ஜெர்சி இருந்த இடத்தில் இப்போது ஓர் அணி, பன்னிரண்டு ஜெர்சி. இணைப்புக் கல்லூரிகளோ ஐந்நூறுக்கும் மேல். கல்லூரிகளை மண்டலங்களாகப் பிரித்து முதலில் மண்டலத்துக்குள், பிறகு மண்டலங்களுக்கு இடையே போட்டிகள். தேர்வுக்குப் போக வேண்டிய ஊர் 340 கி.மீ. சொச்சம் தள்ளியிருக்கும் சென்னை. அவனுடைய கல்லூரி மண்டலத்திலேயே தோற்றது. மூன்றாம் ஆண்டு அப்படிப் போனது. நான்காம் ஆண்டு அவன் ஒருவனாகத் தேர்வுக்குப் போய், இரண்டாம் நாள் மத்தியானம் திரும்பினான். எண்பதுகளில் கடைக்காரர் திரும்பியது மாதிரியே.

பன்னிரண்டாவதாகப் போன அந்த இறுதியாண்டுப் பையன் தென்மண்டலப் போட்டியில் ஒரு செட்கூட முழுசாக ஆடவில்லை. பெஞ்சில்தான் இருந்தான். ஆனால் ஃபார்ம் த்ரீ கிடைத்தது. இன்று ரயில்வேயில் இருக்கிறான். பதிமூணுக்கும் அவனுக்கும் இன்றைக்கும் பேச்சு வார்த்தை உண்டு. தீபாவளிக்குப் போன் பண்ணுவான்.

"அவன் என்னைவிட நல்லா சர்வீஸ் போடுவான் சார்" என்று பதிமூணு ஒரு தடவை சொன்னான்.

"பொய் சொல்லாத" என்றார் பி.டி. சார். அன்றைக்கு அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, ஒன்றாக்கியதே தப்பு என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. பி.டி. சாரே ஒத்துக்கொள்வார். பிரிந்திருந்தபோது அணிகள் பலவீனமாக இருந்தன. தென்மண்டலத்துக்குப் போய் முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்புவது சகஜம். அப்படித் தோற்கிறவனுக்கும் ஃபார்ம் த்ரீ, கடைசி வரை ஆடி ஜெயிக்கிறவனுக்கும் ஃபார்ம் த்ரீ என்றால் அந்தக் காகிதத்துக்கு என்ன மரியாதை என்று கேட்கிறவர்கள் உண்டு. ஐந்நூறு கல்லூரிகளிலிருந்து பொறுக்கியெடுத்த பன்னிரண்டு பேர் நிச்சயம் பலமான அணிதான். மாணவனின் பட்டத்துக்கும் ஒரே பெயர் கிடைத்தது. 2012-ல் பெரும்பாலானவர்கள் பேசியதும் பட்டம், தேர்வு, பாடத்திட்டம் பற்றித்தான். அது இயல்பும்கூட.

ஆனால் இதற்கு எதிர்ப்பக்கம் ஒரு வேடிக்கை நடந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் குடைக்குள் வராமல், அல்லது அதற்கு முன்பே, சில தனியார் கல்லூரிகள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாகிவிட்டன. வேலூர் பொறியியல் கல்லூரி 2001-ல் வி.ஐ.டி. ஆனது. எஸ்.ஆர்.எம். 2002-ல். அவற்றுக்கு இணைப்புக் கல்லூரி என்று எதுவும் இல்லை. நேராகத் தென்மண்டலத்துக்கு அணி அனுப்பலாம். பன்னிரண்டு இடமும் சொந்த மாணவர்களுக்கே. நல்ல ஆட்டக்காரனைப் பள்ளியிலிருந்தே தேடிப் பிடித்து, கட்டணச் சலுகை கொடுத்துச் சேர்க்கிற தனியார் பல்கலைக்கழகங்கள் பெருகின. அமெரிக்காவில் நோட்ரடாம் ஃபுட்பாலில் எந்தக் கூட்டமைப்பிலும் சேராமல் தனிக்காட்டு ராஜாவாக இருக்கிறதே, அந்த மாதிரி. வித்தியாசம், அங்கே அது ஒன்றுதான் பெரிய பெயர். இங்கே அது வரிசையாக நின்றது.

ஒரு பக்கம் ஐந்நூறு கல்லூரிக்குப் பன்னிரண்டு ஜெர்சி. இன்னொரு பக்கம் ஒரே வளாகத்துக்குப் பன்னிரண்டு ஜெர்சி. ஒரே மண்டலம், ஒரே கோப்பை, ஒரே ஃபார்ம் த்ரீ. எந்தக் கேட்டுக்குள் நுழைந்தான் என்பதை வைத்து ஒரு பையனின் வாய்ப்பு இப்படி மாறுகிறது.

அமெரிக்க விமர்சகர்களைப் பதிமூணு விடாமல் படிப்பதற்குக் காரணம் இதுதான் போலிருக்கிறது. அவர்கள் பேசுவது பெரும்பாலும் பணம். ஆனாலும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, கோடு மாறினால் யாருக்கு என்ன ஆகும் என்று முன்கூட்டியே சத்தமாகப் பேசுகிறார். 2011-ல் சேலத்தில் ஒரு விமர்சகர் இருந்து, 'பல்கலைக்கழகங்களை ஒன்றாக்கப் போகிறார்கள், அடுத்த வருஷம் அறுபது ஜெர்சி பன்னிரண்டாகும்' என்று ஒரு பத்தி எழுதியிருந்தால், பி.டி. சாரின் கை அன்றைக்கு வேறு பக்கம் உயர்ந்திருக்குமோ என்னவோ. உயர்ந்திருந்தால் ரயில்வேக்காரன் பதிமூணாகியிருப்பான். யாரோ ஒருவன் பதிமூணாகத்தான் வேண்டும். அதையும் அவர்கள் பேசிப் பார்த்துவிட்டார்கள்.

"அந்த ரெண்டு காலேஜ் என்னாச்சு?" என்று கடைக்காரர் ஒரு நாள் கேட்டார். அவருக்கு டிவி பணம், 700 கோடி எல்லாம் மறந்துவிட்டது. மிஞ்சிய இரண்டு மட்டும் மனதில் நின்றுவிட்டது.

பதிமூணு சொன்னான். ஆரெகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் பெயரை விடவில்லை. ஃபுட்பாலுக்கு 2024-ல் மவுண்டன் வெஸ்ட் கூட்டமைப்போடு ஒப்பந்தம் போட்டு மேட்ச் பிடித்தன. மற்ற பல ஆட்டங்களை வெஸ்ட் கோஸ்ட் கூட்டமைப்பில் விருந்தாளியாகப் போய் ஆடின. போய்ஸி ஸ்டேட், சான் டியாகோ ஸ்டேட் போன்றவற்றை இழுத்து, 2026 ஜூலையிலிருந்து மறுபடி ஒரு கூட்டமைப்பாக நிற்க ஏற்பாடு செய்தன.

"அது காலேஜு. நான் கேட்டது பசங்களை" என்றார் கடைக்காரர். "நடுவுல ரெண்டு வருசம் படிச்ச பசங்க?"

பதிமூணிடம் அதற்குப் பதில் இல்லை. சிலர் வேறு கல்லூரிக்கு மாறினார்கள், சிலர் இருந்தார்கள் என்றான். விமர்சகர்கள் அவ்வளவுதான் எழுதியிருந்தார்கள்.

அந்த சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இன்னும் வலை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பதிமூணு ஊருக்குப் போய்ச் சிறுவர் சிறுமிகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறான். அவர்களில் பிளஸ் டூ முடிக்கப் போகிற ஒரு பெண், நல்ல உயரம், இடது கைக்காரி, ஒரு நாள் கடைக்கே வந்துவிட்டாள். எந்தக் காலேஜ்ல சேரலாம் அண்ணா என்று கேட்டாள்.

பதிமூணு டம்ளரைக் கீழே வைத்தான். "காலேஜ் பேரை அப்புறம் பாரு பாப்பா. அது எந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கீழ வருதுன்னு பாரு. அதுல எத்தனை காலேஜுன்னு பாரு. பல்கலைக்கழக டீம்ல போன வருசம் எந்தெந்தக் காலேஜ்ல இருந்து எடுத்தாங்கன்னு கேளு. செலக்ஷன் எந்த ஊர்ல நடக்குது, போயிட்டு அன்னிக்கே திரும்ப முடியுமான்னு கேளு. ஃபீஸை விட்டுத்தராங்கன்னா ஒரு வருசத்துக்கா நாலு வருசத்துக்கான்னு எழுதி வாங்கு."

அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள்.

"இன்னொண்ணு. முதல் வருசமே பன்னண்டுக்குள்ள வரப் பாரு. அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு யாராச்சும் சொன்னா...."

அங்கே நிறுத்திவிட்டான். பி.டி. சார் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுப்பா" என்றார் அவர். "முழுசா சொல்லு. பொண்ணு எழுதிக்கட்டும்."